சோல் பிளந்த ஸ்கூல் ஷூ: கடையில் காசைத் திரும்ப வாங்கும் வழி

ஜூனில் பள்ளி திறக்கும்போது வாங்கிய கறுப்பு ஷூ, ஆடி பிறப்பதற்குள் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சென்னையில் வருஷா வருஷம் பல வீடுகளில் நடக்கிற கூத்து இது. பெரும்பாலானவர்கள் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் தைப்பவரிடம் கொடுத்து நாலு தையல் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள், கடைக்காரரை மனசுக்குள் இரண்டு திட்டு திட்டுகிறார்கள், அத்தோடு சரி. அந்த நாலு தையல்தான் பணம் திரும்பி வருகிற வழியை அடைக்கிறது.

முதல் முறையாக ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறப்போகிறவர்களுக்காக, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில், கை வைக்காதீர்கள்

ஷூ போய்விட்டது என்று தெரிந்த நேரத்திலிருந்து அது உங்கள் சாட்சி. ஃபெவிக்விக் விட வேண்டாம். தைக்கக் கொடுக்க வேண்டாம். "இன்னும் ரெண்டு நாள் போட்டுட்டுப் போகட்டும்" என்று விடவும் வேண்டாம். ஒட்டிய ஷூவைப் பார்த்ததும் கடையில் வரும் முதல் பதில், "வெளியில வேலை பாத்திருக்கீங்களே, கம்பெனி எடுத்துக்காது" என்பதுதான். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. உடனடிப் பசை காய்ந்தால் கண்ணாடி போல இறுகிவிடும். நடக்கும்போது மடங்குகிற இடத்தில் அது மறுபடி உடையும். அதோடு, கம்பெனி போட்ட பசை எப்படி விட்டுப்போனது என்கிற தடயத்தையும் மூடிவிடும். ஷூவைக் கழுவவும் கூடாது. மண் இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மறுநாள் பள்ளிக்குப் பழைய ஷூவோ பி.டி. வகுப்பு வெள்ளை ஷூவோ போட்டு அனுப்பி, டைரியில் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "புது ஷூவின் சோல் பிரிந்துவிட்டதால் இன்று மாற்று ஷூ." தேதியோடு இருக்கும் அந்த ஒரு வரி பிறகு உதவும். வாங்கி எத்தனை நாளில் போனது என்று பேச்சு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

அடுத்தது படங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள்:

1. ஜோடி முழுவதும் மேலிருந்து.
2. இரண்டு சோல்களின் அடிப்பாகம். கட்டம் கட்டமாக உள்ள வரிகள் தேயாமல் இருந்தால், அதிகம் போடவில்லை என்பதை அதுவே சொல்லும்.
3. பழுதான இடம் நெருக்கத்தில். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் எத்தனை சென்டிமீட்டர் பிளந்திருக்கிறது என்று தெரியும்.
4. நாக்குப் பகுதியில் அல்லது உள்ளே ஒட்டியிருக்கும் சைஸ், ஆர்ட்டிகிள் எண் (கம்பெனி அந்த மாடலுக்குத் தரும் எண்).
5. பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கர்: எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வாடிக்கையாளர் சேவை எண்.
6. பில்.

இதோடு, கட்டைவிரலால் மேல்பாகத்தை அழுத்தும்போது வாய் திறப்பது தெரிகிற மாதிரி ஒரு இருபது விநாடி வீடியோ. எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். தேதி பதிவாகிவிடும்.

பில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான பில் தாள் சூடு பட்டால் எழுத்து மங்கிப்போகிற வகை. சட்டைப் பையில் ஒரு மாதம் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. தொலைந்துவிட்டால் ஜிபே, போன்பே, வங்கிக் கணக்கு எதிலாவது கடைப் பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கும். அது பில்லுக்கு அடுத்த நல்ல ஆதாரம். பெரிய கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டிருப்பார்கள். அந்த நம்பரை வைத்து நகல் எடுத்துத் தரச் சொல்லலாம். பில்லே தரமாட்டேன் என்று மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. இது கடைக்காரர்கள் பலருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

பிளந்த இடத்தைப் படித்துப் பாருங்கள்

கடையில் பேச்சு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும்: தயாரிப்பில் குறையா, குழந்தை போட்ட ஆட்டமா? இதற்கான பதில் ஷூவிலேயே எழுதியிருக்கிறது. இந்த ஒரு வேலைக்குப் பதினைந்து நிமிஷம் செலவழித்தால், கடையில் அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

முதலில் சோல் எந்த வகை என்று பாருங்கள். சோல் ஓரம் மேல்பாகத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய மஞ்சள் அல்லது பழுப்புக் கோடாகப் பசை தெரிந்தால், அது தனியாக வார்த்துப் பிறகு ஒட்டிய சோல். பசைக் கோடு எதுவும் இல்லாமல், குதிகால் நடுவிலும் முனை நடுவிலும் அச்சு சேர்ந்த கோடு மட்டும் மெலிதாகத் தெரிந்தால், மேல்பாகத்தின் மீதே சோலை நேராக வார்த்தது. விலை குறைந்த ஸ்கூல் ஷூக்களில் இரண்டுமே உண்டு. வார்த்த சோல் பிரிவது குறைவு. ஒட்டிய சோலில்தான் வம்பு அதிகம்.

பிளந்த வாயை இரண்டு விரலால் மெல்ல விரித்து, உள்ளே போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மேல்பாகத்தின் அடிப்பக்கம் வழவழவென்று பளபளக்கிறதா? பசை மொத்தமும் ஒரு பக்கமாக, வெந்த பாலின் ஆடை மாதிரி உரிந்து நிற்கிறதா? அப்படியானால் பசை பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். ஒட்டுவதற்கு முன் மேல்பாகத்தின் ஓரத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட வேண்டும். பி.வி.சி. சோல் என்றால் அதற்குரிய திரவத்தால் துடைத்து, பி.யு. (பாலியூரித்தேன்) வகைப் பசை தடவி, சூடேற்றி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் தேய்ப்பதை விட்டுவிட்டாலோ, விலை குறைவு என்று சாதாரண ரப்பர் பசையைத் தடவினாலோ, கடையில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக ஆகப் பசைக்குள் கசிந்து அதை இளக்கிவிடும். சென்னை வெயிலில் கொதிக்கும் தார் ரோடும், ஒரு மழையும் பட்டால் மிச்சமும் போச்சு. இது முழுக்கத் தயாரிப்புக் குறை.

மாறாக, மேல்பாகத்தின் துணி நார் நாராகக் கிழிந்து சோலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பசை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, பலமாக இழுபட்டதால் துணிதான் விட்டுக்கொடுத்திருக்கிறது. சைக்கிளில் பிரேக்குக்குப் பதிலாகக் காலைத் தேய்க்கும் பிள்ளைகளின் ஷூவில் இதைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் ஒரு கால் ஷூவில் மட்டும் இருக்கும். இரண்டு ஷூவும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரிந்திருந்தால் உங்கள் கை ஓங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோல் பிரியாமல், புட்டு மாதிரி உதிர்கிறதா? அது பி.யு. சோல். காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருளே சிதைந்துபோகும். பெட்டிக்குள் போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். புது ஷூ சில வாரத்தில் உதிர்ந்தால், அது கிடங்கில் ரொம்ப நாள் கிடந்த பழைய சரக்காக இருக்கலாம். பெட்டியில் உள்ள தயாரித்த மாதத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

மேல்பாகம்: 'லெதர்' என்று வாயால் சொல்லி விற்பதில் பெரும்பகுதி, துணிமேல் பி.வி.சி. அல்லது பி.யு. பூசிய ரெக்ஸின் வகை. விரல்கள் மடங்கும் கோட்டில் சில வாரத்திலேயே வெடிப்பு வந்து பூச்சு செதிலாக உரிந்தால் குறை. முனையில் மட்டும் சுரண்டியிருந்தால் அது கால்பந்தும் காம்பவுண்டுச் சுவரும் செய்த வேலை. அதற்குக் காசு கேட்காதீர்கள்.

குதிகால் பகுதி அமுங்கி, குழைந்து போயிருந்தால் உள்ளே அட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு மழையில் ஊறினால் அப்பளம்தான். "தண்ணி பட்டிருக்கே" என்பார்கள். பள்ளிக்குப் போகிற ஷூ மழையில் நனையத்தான் செய்யும், அதுவும் வடகிழக்குப் பருவமழை ஊரில். ஆனால் நீங்களே வாளியில் ஊறவைத்தோ வாஷிங் மெஷினில் போட்டோ எடுத்திருந்தால், அந்த வாதம் உங்கள் பக்கம் நிற்காது.

வெல்க்ரோ பிடிக்கவில்லை என்றால் முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் கொக்கிப் பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாக்ஸ் நூலும் தலைமுடியும் அடைத்திருக்கும், எடுத்தால் பிடித்துக்கொள்ளும். பட்டையின் தையலே பிய்ந்து வந்திருந்தால் அது வேறு கதை. ஓரத்தை ஒட்டினாற்போல் தைத்து, ஊசித் துளை வழியே பட்டை கிழிந்திருக்கும். இது குறை.

கடைசியாக, சைஸ். பத்தாமல் போனது பொருளின் குறை ஆகாது. ஆனால் ஜோடியில் ஒன்று சின்னதாக இருந்தாலோ, பெட்டியில் ஒரு எண்ணும் ஷூவில் வேறு எண்ணும் இருந்தாலோ குறைதான். இரண்டு சோலையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டம் எதுவரை உங்கள் பக்கம்

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இல் நேர்மையற்ற வணிக முறை எவையெவை என்று பட்டியல் தருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று கல்லாவுக்கு மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் மாட்டியிருந்தாலும், குறையுள்ள ஷூவுக்கு அது செல்லாது. ஆடித் தள்ளுபடியில் வாங்கியதற்கும் அப்படித்தான். குறை இருப்பதைச் சொல்லி, அதற்காகவே விலை குறைத்து விற்றிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

அதே சட்டம், மனசு மாறியதற்கும் நிறம் பிடிக்காததற்கும் சைஸ் பத்தாததற்கும் பணம் வாங்கித் தராது. அங்கே கடை வைத்த விதிதான்: ஏழு நாளோ பதினைந்து நாளோ, பெட்டியோடு கொண்டுவந்தால் மாற்றித் தருவார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போய்த் தோற்றுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஷூ இத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் கணக்கு இல்லை. முதல் மாதத்தில் சோல் பிரிந்தால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மூன்று மாதத்துக்குள் என்றால் வாதாடலாம். தினமும் போட்டு எட்டு மாதம் கழித்து என்றால், நம் நேரத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில்

ஞாயிறு சாயங்காலம் ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ போய் நின்றால், நீங்கள் நினைத்தாலும் நிதானமாகப் பேச முடியாது, அவர்களும் கேட்க மாட்டார்கள். வார நாளில், காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். புரசைவாக்கம், தி.நகர் எங்கும் அந்த நேரத்தில் முதலாளியோ மேனேஜரோ கல்லாவில் இருப்பார், கூட்டமும் இருக்காது. ஷூ எடுத்துக் காட்டிய பையனிடம் பேசிப் பயனில்லை. அவருக்குப் பணம் திருப்பித் தரும் அதிகாரம் கிடையாது, பாவம், திட்டு மட்டும் விழும்.

ஜோடியாக இரண்டு ஷூவையும், பெட்டியையும், பில் நகலையும் கொண்டுபோங்கள். அசல் பில்லைக் கையைவிட்டுத் தர வேண்டாம். பேச்சைச் சுருக்கமாக ஆரம்பியுங்கள்:

"சார், ஜூன் 4ஆம் தேதி இங்க வாங்குனது. பதினெட்டு நாள்தான் போட்டிருக்கான். ரெண்டு ஷூலயும் சோல் பிரிஞ்சிருக்கு, உள்ள பாருங்க, பசை பிடிக்கவே இல்ல. எனக்கு மாத்து வேணாம், காசு திருப்பிக் குடுத்துடுங்க."

தேதி, நாள் கணக்கு, குறை, கேட்பது. நாலே விஷயம். 'உங்க கடை சரக்கே மோசம்' என்று ஆரம்பித்தால் மற்ற வாடிக்கையாளர்கள் முன் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பதிலுக்கு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

"வேற ஜோடி எடுத்துக்கோங்க." அதே மாடல் என்றால் அதே பசைதான். ஒரே சமயத்தில் தயாரித்து வந்த சரக்காகவும் இருக்கலாம். வேறு மாடல், வேறு கம்பெனி என்றால் யோசிக்கலாம். விலை வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய தேதியிலேயே நிற்பீர்கள்.

"காசு தர மாட்டோம், கிரெடிட் நோட்டு தர்றோம்." அதே கடையில் அந்தத் தொகைக்கு வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு அது. அந்தக் கடையில் வேறு ஏதாவது வாங்கப்போகிறீர்கள் என்றால் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாங்கினால் காலாவதித் தேதியைப் படியுங்கள்.

"கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கணும், பதினஞ்சு நாள் ஆகும்." இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஷூவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தால், அடுத்த முறை போகும்போது "எந்த ஷூ?" என்பார்கள். அனுப்பட்டும், ஆனால் ஆர்ட்டிகிள் எண், சைஸ், என்ன குறை, எந்தத் தேதியில் வாங்கிக்கொண்டோம், எப்போது பதில் சொல்வோம் என்று எழுதி, கடை முத்திரையோடு ஒரு சீட்டு வாங்குங்கள். சீட்டு தர மறுத்தால் ஷூவையும் தராதீர்கள். கம்பெனியிடம் காசு வாங்குவது கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. உங்களுக்கு விற்றது கடை.

"பையன் ஓடி ஆடியிருப்பான்." ஸ்கூல் ஷூ வேறு எதற்கு? குரலை உயர்த்தாமல் டார்ச்சை அடித்து, வழவழப்பான அந்தப் பசைத் தோலைக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு பேச்சின் தொனி மாறுவது உண்டு. ஷூ வியாபாரம் செய்கிறவருக்கு அது என்னவென்று நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஒத்துக்கொண்டால், எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அதே வழியில் திரும்பக் கேளுங்கள். 'கணக்குக்கு அனுப்பிடறோம்' என்றால் தேதியை எழுதி வாங்குங்கள்.

எழுத்தில் ஒரு முறை

கடையில் நடக்கவில்லை என்றால் அன்று இரவே கடிதம். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், ஆயிரம் ரூபாய் ஷூவுக்கு வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகாது. நீங்களே தமிழில் எழுதலாம். கடையின் பில்லில் உள்ள முகவரிக்கும், பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் முகவரிக்கும் ஒவ்வொன்று. இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் கடையில் ___ தேதி, பில் எண் ___ மூலம், ஆர்ட்டிகிள் எண் ___, சைஸ் ___ கொண்ட பள்ளி ஷூவை ரூ. ___க்கு வாங்கினேன். ___ நாள் பயன்படுத்திய நிலையில், ___ தேதி இரண்டு ஷூக்களிலும் முன்பக்கம் ___ செ.மீ. நீளத்துக்குச் சோல் பிரிந்துவிட்டது. இது ஒட்டுதலில் உள்ள தயாரிப்புக் குறை. ___ தேதி நேரில் வந்து கேட்டபோது பணம் தர மறுத்துவிட்டீர்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி புகார் செய்வேன். பில் நகல், படங்கள் இணைப்பு."

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். மூன்று நான்கு நாள் கழித்து, சேர்ந்துவிட்டது என்று காட்டும் தபால் துறைப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். அந்தப் பதிவு ரொம்ப நாள் இணையத்தில் இருக்காது. கடையின் வாட்ஸப் எண் தெரிந்தால் கடிதத்தின் படத்தை அதிலும் அனுப்பலாம்.

1915

பதினைந்து நாள் போயும் பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற வாட்ஸப் எண்ணும், அரசின் உமங் செயலியும் உண்டு. புகாரைப் பதிந்ததும் ஒரு டாக்கெட் எண் வரும், அதைக் குறித்து வையுங்கள். இது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவு போடாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். பெயர் பெற்ற பெரிய கம்பெனி ஷூ என்றால் அந்த 'அவ்வளவுதான்' பெரும்பாலும் போதும். பெயரே இல்லாத உள்ளூர்ச் சரக்கு, ஒற்றைக் கதவுக் கடை என்றால் அங்கிருந்து பதில் வருவது சந்தேகம்.

எம்.ஆர்.பி.க்கு மேல் விலை வாங்கியிருந்தாலோ, பெட்டியில் விலை, தயாரித்த மாதம், தொடர்பு விவரம் எதுவுமே இல்லையென்றாலோ, அது எடையளவுச் சட்டம் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தனியாக அங்கே புகார் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கிற, ஏதோ ஆப்பை இறக்கச் சொல்கிற கும்பல்கள் அங்கேதான் வலை விரித்திருக்கின்றன. பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பெட்டியில் அச்சடித்த எண்ணை மட்டும் அழையுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

1915-இலும் தீரவில்லை என்றால், உத்தரவு போடும் அதிகாரம் உள்ள இந்த ஆணையத்தில், குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்தில் தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று ஆணையங்கள் பார்க் டவுனில் இருக்கின்றன. தாம்பரம், பல்லாவரம்காரர்கள் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்டம். நேரில் போகாமல் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம்.

வேண்டியவை: நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லும் புகார் மனு, அது உண்மை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பில், படங்கள், கடிதம், ஸ்பீட் போஸ்ட் ரசீது, 1915 டாக்கெட் எண். எதிர்தரப்பாகக் கடையையும் தயாரிப்பாளரையும் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் 'நான் இல்லை, அவர்தான்' என்று நழுவுவார். குழந்தைக்காகப் பெற்றோர் புகார் தரச் சட்டம் இடம் தருகிறது. கோரிக்கையில் ஷூ விலை, அலைச்சலுக்கு இழப்பீடு, செலவுத் தொகை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அடக்கமான தொகையாக இருக்கட்டும். எண்ணூறு ரூபாய் ஷூவுக்குப் பத்து லட்சம் கேட்டால் மனுவின் மதிப்புத்தான் குறையும்.

எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஷூவை அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாமல், பழைய தலையணை உறையில் போட்டு நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவதா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. எங்கள் கணிப்பில், கடிதமும் 1915-உம் எல்லாரும் செய்யத்தக்கவை. ஆணையம், கடைக்காரர் வேண்டுமென்றே அவமதித்தால் மட்டும்.

ஆன்லைனில், பள்ளியில் வாங்கியிருந்தால்

ஆன்லைன் ஷூவுக்குப் பார்சல் பிரிப்பதையே வீடியோ எடுப்பது நல்ல பழக்கம். திரும்ப எடுக்கும் காலம் முடிந்த பிறகு சோல் பிரிந்தால் ஆப் 'ரிட்டர்ன்' பொத்தானைக் காட்டாது. அதோடு கதை முடியவில்லை. 2020 மின் வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

பள்ளியே ஷூ விற்றால், அந்த ஷூவுக்கு விற்பனையாளர் பள்ளிதான். கட்டணத்தோடு சேர்த்து 'யூனிஃபார்ம் செட்' என்று மொத்தமாக ரசீது போட்டிருந்தால் ஷூவுக்கான தொகையைத் தனியாக எழுதித் தரக் கேளுங்கள். பிள்ளையின் வகுப்பாசிரியரை இதில் இழுக்காமல் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது எல்லாருக்கும் நல்லது. ஒரே வகுப்பில் நாலைந்து பேருக்கு இதே பிரச்சினை என்றால் சேர்ந்து கையெழுத்திடுங்கள். நாலு ஜோடியை மேசைமேல் வரிசையாக வைத்தால் பிள்ளைகள் ஓடியாடியதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அரசு இலவசமாகத் தரும் காலணி இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தலைமையாசிரியரிடம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஜோடி வாங்கும்போது

மே மாதத் தள்ளுபடியில் வாங்கி, பள்ளி திறக்கும்வரை பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள். கடையின் ஏழு நாள், பதினைந்து நாள் விதி அதற்குள் போய்விடும். வாங்கிய வாரமே இரண்டு சாயங்காலம் வீட்டுக்குள் சாக்ஸோடு போட்டு நடக்கவிடுங்கள்.

கடையில் ஷூவைக் கையில் எடுத்து முனையையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நட்ட நடுவில் வளைந்தால் உள்ளே பலம் இல்லை. குதிகால் பின்புறத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் மீண்டு வர வேண்டும். சோல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் உள்ளே போனால் அந்த ஜோடி வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். முத்திரை எல்லா ஷூவிலும் இருக்காது.

"வளர்ற புள்ள" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது சென்னையின் வழக்கம். நம் கடைகளில் உள்ள இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். சாயங்காலம், சாக்ஸ் போட்டு நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் கால் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடும். முனை தரையில் இடறும், சோல் முன்னாலிருந்து பிரியும். அப்போது கடைக்காரர் உள்ளே விரலை விட்டுப் பார்த்து, "சைஸ் பெருசு, அதான்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பெட்டி இடத்தை அடைக்கிறதா? ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை மட்டும் கத்தரித்து, பில் போட்டோவின் ஒரு பிரிண்டோடு சேர்த்து அரையாண்டுத் தேர்வு வரை வைத்திருங்கள். மீதி அட்டையைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்.